கடைசி இரண்டு தட்டு

திருப்பதி
3.11.2025

அன்புள்ள கங்கையாவுக்கு,

விஜயராகவன் எழுதுகிறேன். புத்தூர் மின்சார சப்-டிவிஷனில் ஏ.டி.ஈ.யாக, உங்கள் இன்ஜினியராக இருந்தவன். 'ரேடியோ சார்' என்று நீங்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் சொல்லிச் சிரித்த ஆள். சித்தூரில் விசாரணை முடிந்து படியிறங்கியதும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினீர்கள். முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் இரண்டு முறை போன் செய்தேன். உங்கள் மருமகள் கல்பனா எடுத்தாள். "மாமா பேசமாட்டேன்றார் சார். இன்னா இருந்தாலும் எழுத்துல அனுப்பச் சொல்றார்" என்றாள். அதனால்தான் கடிதம்.

தென்கடலின் கடைக்கோடியில் ஒரு தீவு இருக்கிறது. மனிதர்கள் கிடையாது, பனியும் பென்குயினும்தான். பன்னிரண்டு ஹாம் ரேடியோக்காரர்கள், என்னைப் போல வீட்டிலேயே ரேடியோ கட்டிப் பேசுகிறவர்கள், கப்பல் பிடித்து அங்கே போய்க் கூடாரம் அடிக்கிறார்கள். இந்த மாதம் 16 முதல் 28 வரை அங்கிருந்து உலகத்தோடு பேசுவார்கள். பிறகு யார் எப்போது போவார்களோ தெரியாது. காலேஜில் பழைய வால்வுகளைப் பொறுக்கி என் முதல் ரேடியோப் பெட்டியைக் கட்டியபோது எனக்கு வயது இருபது. இப்போது எழுபத்து மூன்று. டிரான்ஸ்பார்மரும் ஹைடென்ஷன் லைனுமாய் முப்பத்து நான்கு வருஷம் உத்தியோகம் பார்த்தேன். அந்தப் பெட்டியை ஒரு நாளும் விட்டதில்லை. என் பட்டியலில் நான் பேசாத இடம் இது ஒன்றுதான் பாக்கி. இந்த முறை விட்டால் எனக்கு அடுத்த முறை இல்லை.

இங்கேதான் சிக்கல். தீவின் அலை நமக்கு எட்டுவது சாயங்காலம் நாலிலிருந்து ஆறுக்குள். ஜூன் மாதத்திலிருந்து சரியாக அந்த நேரத்தில் வடை பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல் வந்து எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. வீட்டு மெயினை அணைத்து பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன், போகவில்லை. லைனில்தான் ஏதோ பொறி அடிக்கிறது. இங்குள்ள ஆட்கள் பாவம், இரண்டு முறை ஏறி, கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் இரண்டை மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. அலிபிரி பக்கம் இந்த லைனை 88இல் இழுத்த கேங்கில் நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்கு ஒவ்வொரு கம்பமும் நினைவிருக்கும். எந்தக் கம்பம் என்று சொல்லுங்கள்.

என் மனைவி வஸுமதி, "ஏன்னா, காபிகூடக் கிடைக்காத தீவோட பேசி என்ன ஆகப் போறது?" என்கிறாள். நான் பேட்டரியை இப்போதே சார்ஜ் போட்டுவிட்டேன் கங்கையா.

விஜயராகவன்

*

பிச்சாட்டூர்
7.11.2025

விஜயராகவன் சாருக்கு, கங்கையா சொல்லி எழுதுவது.

எழுதுகிறவள் ஷோபா, எங்கள் ஊர் போஸ்டாபீஸ் பார்க்கிற பெண். நான் பேசுவதை அப்படியே எழுதச் சொன்னேன். "கடுதாசின்னா ஒரு ஒழுங்கு வேணும், திருத்தித்தான் எழுதுவேன்" என்கிறாள். சரி, திட்டுவதை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

புத்தூரில் என்னை 'நீ' என்பீர்கள். இப்போது 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறது. மரியாதை கொடுத்துத் தள்ளி நிற்கிறீர்களா? 'நீ' என்றே எழுதுங்கள். கோபம் எனக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

எழுத்தில் கேட்டது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன். 94ஆம் வருஷம், கார்த்திகை பிறந்து முதல் வியாழக்கிழமை. நல்ல மழை. நீங்கள் சப்ஸ்டேஷனில், நான் ஆரணியாற்றுப் பக்கம் பஞ்சாயத்து ஆபீஸ் போனில். லைனை நிறுத்திவிட்டேன், ஏறலாம் என்று நீங்கள் எனக்கு லைன் கிளியர் கொடுக்க வேண்டும். மழையில் பேச்சு கேட்கவில்லை. நீங்கள் பென்சிலால் போன் வாயில் தட்டினீர்கள். உங்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, நீங்கள் ரேடியோவில் தட்டுவதைக் கேட்டுக் கேட்டு நான் பிடித்துக்கொண்ட மோர்ஸ் பாஷை. ஒரு எழுத்தின் உருவமும் எனக்கு இன்று வரை தெரியாது, சத்தம் எல்லாம் தெரியும். டி டா டி டி. டா டி டா டி. எல், சி. அப்புறம் ஓகே. ஏறினேன்.

லைன் கிளியரை ரிஜிஸ்டரில் நம்பர் போட்டு எழுத வேண்டும். நீங்கள் எழுதவில்லை. ஷிப்டு மாறி வந்த ஆபரேட்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தான், ஒன்றும் இல்லை, லைனில் கரண்ட் விட்டுவிட்டான். தப்பி வருகிற கரண்டை மண்ணில் இறக்கிவிடுகிற எர்த் ராடு மாட்டாமல் ஏறியது என் தப்பு. அதைச் சித்தூரிலேயே ஒப்புக்கொண்டேன். வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. அது போகட்டும்.

சித்தூரில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். "லைன் கிளியர் வாங்கினேன்றியே, எழுத்துல இருக்குதா?" என்று கேட்டார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "பதிவு இல்லை" என்றீர்கள். அது பொய் இல்லை. ஆனால் கொடுத்தேன் என்று நீங்கள் சொல்லவில்லை. 'அனுமதியின்றி ஏறினார்' என்று என் பேரில் காகிதம் ஆனது. ஊரில் எனக்குப் பேர் 'சொல்லாம ஏறினவன்'. என் மகன் ரமணாவை ஸ்கூலில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீங்கள் லைன் கிளியர் கொடுத்ததாக ஒரு வரி எழுத்தில் வேண்டும். முப்பத்தொரு வருஷமாக வேண்டியது அது ஒன்றுதான்.

இது தீவுக்குக் கூலி இல்லை. அது தனி, இது தனி.

இரைச்சல் விஷயம். மழை பெய்தால் நிற்கிறதா, அதிகமாகிறதா? காற்றடித்தால் மாறுகிறதா? காலையில் பனி காய்கிற வரை இருக்கிறதா? அந்தச் சத்தத்தைச் செல்போனில் பிடித்து ஷோபாவுக்கு அனுப்புங்கள். நீங்கள் நடுவில் பேசாதீர்கள். சத்தம் மட்டும்.

ஷோபா பென்குயின் படம் காட்டினாள். கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் நடக்கிற மாதிரி இருக்கிறது.

கங்கையா

*

திருப்பதி
10.11.2025

அன்புள்ள கங்கையா,

உன் கேள்விகளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஐந்து மாதத்தில் யாரும் கேட்காத கேள்விகள். மழையில் சத்தம் சுத்தமாக நின்றுவிடுகிறது. பனி இருக்கிற வரை காலையில் இல்லை. வெயில் ஏற ஏற வருகிறது. காற்று அடித்தால் விட்டு விட்டு அடிக்கிறது. சத்தத்தைப் பிடித்து ஷோபாவுக்கு அனுப்பியிருக்கிறேன், இரண்டு நிமிஷம்.

கப்பல் கிளம்பிவிட்டது. நடுக்கடலில் அலை இரண்டு மாடி உயரமாம், பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை. ஏரியல் கயிற்றைப் புதிதாக மாற்றினேன். வஸுமதிக்குத் தெரியாமல் மொட்டை மாடித் தொட்டி மேல் ஏறினேன். தெரிந்துவிட்டது.

சித்தூர் விஷயம் நீளமானது. அதை இரண்டு வரியில் எழுத முடியாது. தீவு முடியட்டும், உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஜயராகவன்

*

பிச்சாட்டூர்
13.11.2025

விஜயராகவன் சாருக்கு,

'தீவு முடியட்டும்' என்று ஷோபா படித்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்துதான் மீதியைக் கேட்டேன். நான் கேட்டது ஒரு வரி. அதற்கு நீளம் எங்கிருந்து வந்தது?

சத்தத்தைப் பதினோரு தரம் கேட்டேன். தபாலுக்கு வந்தவர்கள் எல்லாம், "இன்னா பெரியவரே, போன்ல எண்ணெ காயுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மழையில் நிற்கிறதென்றால் பீங்கான் விரிசல் இல்லை. விரிசல் விட்டதென்றால் ஈரத்தில் அதிகமாக வேண்டும். இது கட்டு தளர்ந்த சத்தம். பீங்கான் தலையில் கம்பியைக் கட்டுகிற கட்டுக்கம்பி ஒட்டியும் ஒட்டாமலும் நின்றுகொண்டு, காய்ந்தால் பொறி விடுகிறது. உங்கள் ஆட்கள் வேறு கம்பத்தில் நல்ல பீங்கானை மாற்றிவிட்டு, தளர்ந்த கட்டுக்கம்பியை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எந்தக் கம்பம் என்றும் தெரியும். கபில தீர்த்தம் ரோட்டிலிருந்து உங்கள் தெரு திரும்புகிற முனையில் தொடங்கி ஏழாவது. லைன் லேசாக வளைகிற இடம். 88இல் அங்கே ஒரு பெரிய நாவல் மரம். உச்சியில் நடுப் பீங்கான்.

எப்படித் தெரியும் என்றால், அதைக் கட்டியவன் நான். அன்று கட்டுக்கம்பி தீர்ந்துபோச்சு. எட்டுச் சுற்று சுற்ற வேண்டியதை நாலு சுற்றில் முறுக்கி விட்டேன். நாளைக்கு வந்து சரி பண்ணுகிறேன் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். மறுநாள் கேங்கை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்தேழு வருஷத்தில் அந்த ரோட்டில் பஸ்ஸில் போனபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். கம்பி அறுந்து யார் தலையிலாவது விழுந்திருந்தால்? இது என் தப்பு. எழுத்தில் கொடுக்கிறேன். கீழே என் பெருவிரல் இருக்கிறது, பாருங்கள். எனக்குத் தீவு முடிகிற வரை காத்திருக்கத் தோன்றவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஆளை ஏற்றும் முன் லைன் கிளியர் நம்பர் போட்டு ரிஜிஸ்டரில் ஏறுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஏறினவன் இறங்கிக் கையெழுத்துப் போடுகிற வரை அந்த ரிஜிஸ்டர் பக்கத்திலேயே உட்காருங்கள். உங்கள் தீவே பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது.

கங்கையா
(பெருவிரல் ரேகை)

அவர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன்: நீங்கள் பிஸ்கட் டப்பாவில் கட்டிக்கொடுத்த சின்ன ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார். எலி கடிக்கிறதென்று இறக்கினாராம். புது பேட்டரியும் வாங்கிவிட்டார். – ஷோபா

*

திருப்பதி
22.11.2025

அன்புள்ள கங்கையா,

உன் பெருவிரலைப் பார்த்த பிறகு மூன்று நாள் என்னால் எழுத முடியவில்லை. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

இங்கே லைனுக்குப் பொறுப்பான இன்ஜினியர், ஏ.ஈ., ஒரு பெண், பிரித்திகா. உன் கடிதத்தைக் காட்டினேன். "தாத்தா பிச்சாட்டூர்லேருந்தே கம்பத்தை எண்ணிட்டாரா சார்?" என்று சிரித்தவள், ஏழாவது கம்பத்துக்கு வந்து பைனாகுலரில் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினாள். லைனை நிறுத்த அவளுக்குக் கிடைத்த நேரம் வியாழன் சாயங்காலம் நாலு மணி. தீவு வருகிற அதே நேரம். காலையில் முடியாதா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிப் பக்கம் லோடு இருக்கிறது, முடியாது என்றாள்.

நாலு பத்துக்கு லைன் கிளியர். நம்பர் போட்டு எழுதியதைப் பார்த்தேன். மணிவேல் என்கிற லைன்மேன் எர்த் ராடு மாட்டிவிட்டு ஏறினான். நான் சப்ஸ்டேஷனில் ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆபரேட்டர், "சார், நீங்க ரிடையர் ஆகிட்டீங்க தெரியுமா?" என்றான்.

நாலரைக்கு வஸுமதியிடமிருந்து போன். வீட்டில் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன்னா, கரண்ட் போயிடுத்து. உங்க பெட்டில அந்த வடை சத்தமே இல்லை. யாரோ கணீர் கணீர்னு தட்டிண்டிருக்கா. நான் போனை அதுகிட்ட வைக்கட்டுமா?" என்றாள். வைத்தாள். கங்கையா, அது தீவு. லைன் செத்துக் கிடந்ததால், ஆறு மாதத்தில் முதல் தடவையாக வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஆட்டோவில் ஆறு நிமிஷம். எழுந்தே விட்டேன். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். மணிவேல் ஐந்து ஐம்பதுக்கு இறங்கி வந்து கையெழுத்துப் போட்டான். வீட்டுக்குப் போனேன். தீவின் அலை அன்றைக்கு அடங்கிவிட்டது. பெட்டியில் கடலும் காற்றும் மாதிரி ஓர் ஓசைதான்.

உட்கார்ந்திருந்த அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் என் மனசில் ஓடியதை உனக்குச் சொல்லியாக வேண்டும். 94இலும் இதே தீவுதான். கடைசியாக அங்கே ஆட்கள் போனது அந்த நவம்பரில். சாயங்காலம் நாலரைக்கு வருவார்கள். நான் உனக்குத் தட்டிவிட்டு, மணியைப் பார்த்தேன், நாலு இருபது. வந்து எழுதிக்கொள்ளலாம் என்று ரிஜிஸ்டரை மூடிவிட்டுக் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். பெட்டி முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஜீப் வந்து நின்றது. நீ விழுந்ததைச் சொன்னார்கள். சித்தூரில் 'கொடுத்தேன்' என்றால் 'ஏன் எழுதவில்லை' என்று கேட்பார்கள். 'பென்குயின் தீவோடு பேச ஓடினேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் நீளம். வேறு நீளம் இல்லை.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. 17.11.1994 அன்று லைன்மேன் கங்கையாவுக்கு நான் லைன் கிளியர் கொடுத்தேன், பதிவு செய்யாதது என் குற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்னொரு தாள் சித்தூருக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. என்ன செய்வார்களோ செய்யட்டும்.

உன் ஏழாவது கம்பம் சரி. நடுப் பீங்கானில் நாலே சுற்று இருந்ததாம். மணிவேல் எட்டு சுற்றிவிட்டான். இரைச்சல் சுத்தமாக இல்லை. ஆனால் தீவைக் கூப்பிடுகிற கூட்டம் பிரம்மோற்சவம் மாதிரி இருக்கிறது. நேற்று ஒரு மணி நேரம் கத்தினேன், என் காதில் அவர்கள் விழுகிறார்கள், அவர்கள் காதில் நான் விழவில்லை. இன்னும் ஆறு நாள்.

விஜயராகவன்

*

பிச்சாட்டூர்
25.11.2025

விஜயராகவன் சாருக்கு,

தாளை ஷோபா மூன்று தரம் படித்தாள். மூன்றாம் தரம் ரமணாவையும் கல்பனாவையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துப் படிக்கச் சொன்னேன். ரமணா வெளியே போய் வண்டியைத் துடைத்தான். துடைத்த வண்டியையே துடைத்துக்கொண்டிருந்தான். கல்பனா, "இத்தை லேமினேசன் பண்ணணும் மாமா" என்றாள்.

நீங்கள் அன்று எதற்காகவோ ஓடினீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். நீங்கள் தட்டி முடிக்கும்போது கடைசியில் 'டி டி' என்று இரண்டு தட்டு தட்டுவீர்கள். ரேடியோவில் யாரோடு பேசினாலும் அப்படித்தான் முடிப்பீர்கள், என்னோடு போனிலும் அப்படித்தான். அன்று எல், சி, ஓகே வந்தது. அந்த இரண்டு வரவில்லை. மழையில் நின்றுகொண்டு காதில் போனை வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. சரி, சாருக்கு ஏதோ அவசரம் என்று ஏறினேன். எத்தனை தரம் நினைத்திருக்கிறேன், அந்த இரண்டு வரட்டும் என்று நின்றிருக்கலாம்.

தாள் வந்ததில் சந்தோஷம். ஆனால் எனக்கு அது ஷோபாவின் குரலில்தான் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாதே. உங்கள் கை எனக்குத் தெரியும். ஆயிரம் பேர் தட்டினாலும் உங்கள் 'சி' கொஞ்சம் நொண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கல்பனா போனுக்குக் கூப்பிடுங்கள். பேச வேண்டாம். அன்று தட்டியதைத் தட்டுங்கள். ஸ்பூனால் தட்டினால் செல்போனில் நன்றாகக் கேட்கிறது, கல்பனாவை வைத்துப் பார்த்துவிட்டேன்.

இனி தீவு. சொன்னால் நம்புவீர்களா, ஆறு நாளாக பிஸ்கட் டப்பாவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் இரைச்சல் கிடையாது. நீங்கள் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தினால் ஆகாது. அந்தத் தீவில் ஒரே ஆள் இல்லை, ஷிப்டு போட்டு உட்காருகிறார்கள். நாலு மணிக்கு இருக்கிறவன் மெஷினால் தட்டுகிறான், கை தெரியவில்லை. நாலே முக்காலுக்கு வேறொருவன் வருகிறான். அவன் கையால் தட்டுகிறான். மெதுவான, நிதானமான கை, வயசானவனாக இருப்பான். அவன் உட்கார்ந்ததும் நாலைந்து நிமிஷம் கூட்டத்துக்குப் புரியாது, பழைய வேகத்திலேயே கத்துகிறார்கள். அவன் பதில் சொல்வதெல்லாம் தன்னைப் போல மெதுவாகக் கூப்பிடுகிறவனுக்கு. மூன்று நாளாக எண்ணிவிட்டேன். நாலே முக்காலுக்கு, அவன் வேகத்தில், ஒரே தரம் கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எங்கேயும் ஷிப்டு மாறும்போதுதான் சார் எல்லாம் நடக்கும். நல்லதும் நடக்கட்டும்.

கங்கையா

*

பிச்சாட்டூர்
29.11.2025

விஜயராகவன் சாருக்கு,

இதை எழுதும்போது ஷோபா, "தாத்தா, மூச்சு விட்டு விட்டுச் சொல்லுங்க, பேனா ஓட மாட்டேங்குது" என்கிறாள்.

நேற்று நாலு மணிக்கே டப்பாவோடு மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். கல்பனா டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போச்சு. ரமணா பக்கத்தில் குந்தினான். "நைனா, எது தீவு?" என்று கேட்டான். காதில் வைத்துவிட்டேன். "அரிசி கொட்டற மாதிரி கீது" என்றான். மெஷின்காரன் போனான். நாலு நாற்பத்தாறுக்கு அந்தக் கிழவன் வந்தான். ஒருத்தனுக்குப் பதில் சொன்னான். இரண்டாவது ஆளுக்குச் சொன்னான். உங்களை எனக்குக் கேட்காது, இவ்வளவு கிட்டத்தில் உங்கள் அலை என் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும். தீவு மட்டும்தான் கேட்கும். மூன்றாவதாகக் கொஞ்சம் நின்றான். நான் டப்பாவைக் காதோடு அமுக்கினேன். டி டி டி டா. டி டி டா. டி டி டா டா டா. வி, யூ, இரண்டு. நம்ம நாட்டு ரேடியோக்காரர் பேரெல்லாம் அப்படித்தான் தொடங்கும், நம்ம ஆள் என்று கையைத் தூக்கினேன். அப்புறம் வந்த எழுத்துகள். உங்களுடையது சார். எத்தனை வருஷம் ஜீப் பக்கத்தில் கேட்ட பேர் அது. ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் சொன்னான். நான் எழுந்ததில் டப்பா கீழே விழுந்தது. ரமணா பிடித்துவிட்டான். மாடு மிரண்டது.

அப்புறம் ஒரு மணி நேரம் யோசனை. சாருக்கு இப்போது தலைகால் புரியாது, ஆறு மணி மறந்துபோகும், மறுபடி ஓடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கல்பனா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஐந்து ஐம்பத்தெட்டு என்றாள். ஐம்பத்தொன்பது என்றாள். ஆறுக்கு அடித்தது.

நீங்கள் பேசவில்லை. உள்ளே வஸுமதி அம்மா மட்டும், "ஏன்னா, அதான் கிடைச்சுடுத்தே, வாயைத் திறந்து சொல்லுங்கோளேன்" என்றது கேட்டது. தீவு கிடைத்த சேதியைத்தான் முதலில் தட்டுவீர்கள் என்று நினைத்தேன். ஸ்பூன் விழுந்தது. டி டா டி டி. டா டி டா டி, கொஞ்சம் நொண்டி. ஓகே. அப்புறம் நின்றுவிட்டது. நான் காதை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரமணா என் தோளைப் பிடித்தான்.

டி டி.

நானும் அந்த மடங்காத விரலாலேயே போனில் இரண்டு தட்டு தட்டினேன். உங்களுக்கு வந்ததா என்று கடுதாசி எழுத வேண்டாம். போன் பண்ணுங்கள், நானே எடுக்கிறேன். பென்குயின்காரன் கிழவன்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கங்கையா